நாலு பலகையில் மாமனார்

மாமனார் இறந்து பதினோரு மாதம் கழித்து அவர் மூக்கை உடைத்த பெருமை மாப்பிள்ளையைச் சேரும். உயிரோடு இருந்தவரை அந்த மூக்குக்கு நேரே நின்று பேச யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. முப்பத்தொரு வருஷம் எடைக்கல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தராசு'. தராசு தெருமுனையில் திரும்பினால் போதும், கடைகளில் இருக்கிற எடைக்கற்கள் தாமாகவே சரியான எடைக்கு வந்துவிடும் என்பார்கள். வீட்டிலும் அதே ஆள்தான். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கேக் வெட்ட வேண்டுமென்றால் ஸ்கேல் வைத்து அளந்து, புள்ளி குத்திய பிறகுதான் கத்தியைத் தொடுவார். சிரிப்பிலும் பாரபட்சம் கிடையாது. யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்யும் வேலை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் மாமனார் அவரிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் அரைப் பக்கம் தேறாது. அதிலும் பாதி, "அந்த லிஃப்ட் இன்னும் சரியாகலையா?" என்பதுதான். மாமனார் லிஃப்டில் ஏறவே மாட்டார். எத்தனை பேர் ஏறலாம் என்று உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணிக்கையை யார் எடை போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு பழைய ஸ்க்ரோல் ரம்பம் வாங்கி ஸ்கூட்டர் ஷெட்டில் வைத்தார். அது தையல் மெஷினுக்குத் தூரத்துச் சொந்தம். ஊசிக்குப் பதிலாக நூல் போன்ற ரம்ப பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். பலகையைத்தான் நாம் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். அதில் முகங்கள் வெட்டலாம் என்று அவர் கண்டுபிடித்தார். போட்டோவில் கறுப்பு விழுகிற இடமெல்லாம் ஓட்டை, வெளிச்சம் விழுகிற இடமெல்லாம் மரம். பின்னால் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டினால் ஆள் எட்டிப் பார்ப்பார். முதலில் பக்கத்து வீட்டு நாயை வெட்டினார், நன்றாக வந்தது. அடுத்து மனைவியை வெட்டினார். "என் மூக்கு இப்படியா இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் அவள். அதன் பிறகு ஆறு மாதம் பூவும் பறவையும் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் மாமியார் போன் செய்தார்.

"அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. சுவர்ல மாட்ட ஒரு படம் உருப்படியா இல்ல. நீங்க மரத்துல முகம் வெட்டுறீங்களாமே? அவரை வெட்டிடுங்க மாப்பிள்ளை."

"அத்தை, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்து..."

"நாலு வேணும். எனக்கு ஒண்ணு, பிள்ளைங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. நாலும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும், சொல்லிட்டேன். ஒருத்தர் கைக்கு ஒரு முடி கூடுதலா போனாலும் எங்க வீட்டுப் பிள்ளைங்க அதுக்கு ஆயுசு பூரா சண்டை போடுவாங்க. அவர் வளர்த்த லட்சணம் அப்படி."

படம் என்று ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, ஆபீஸ் அடையாள அட்டையில் ஒட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள், நறுக்கின மீசை, கீழ்நோக்கி இறங்கும் உதடு. கேமராக்காரரின் கேமராவுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மச்சான் ஷெட்டுக்கே வந்துவிட்டார். மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எதிரே நிற்பவரிடம் பேசினாலும் அடுத்த தெருவில் போகிற லாரிக்காரரிடம் வழி கேட்கிற குரல்.

"என்ன கனத்துல வெட்டப் போறீங்க, மாப்பிள்ளை?"

"மூணு எம்எம் பிளைவுட். இல்லேன்னா ஆறு."

"மூணு எம்எம்மா! அப்பா கனமான மனுஷன். ஒரு இஞ்ச் தேக்கு. அதுக்குக் கீழ பேச்சே கிடையாது. நான் தூக்கும்போது கை வலிக்கணும்."

மாப்பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. மச்சான் மூக்கும் அதே மூக்குதான்.

மரக்கடைக்காரர் சங்கதியைக் கேட்டுவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "முகம்னு சொல்றீங்க. ஒரு இஞ்ச் கேக்குறீங்க. மாமனாரை வெட்டுறீங்களா, வாசக்கதவை வெட்டுறீங்களா?"

"மச்சான் ஆசைப்படுறார்."

"அப்ப மச்சானையே வெட்டச் சொல்லுங்க. தேக்குக்கு ரேகை ஒரே பக்கமா ஓடும். அந்த ரேகைக்குக் குறுக்க மெல்லிசா ஒரு துண்டு நின்னா, காம்பைக் கிள்ளுற மாதிரி போயிடும். பிளைவுட்னா ஒரு ஏடு இப்படி, ஒரு ஏடு அப்படி ஒட்டியிருக்கும். அது தாங்கும்." சொல்லிவிட்டு ஒரு இஞ்ச் தேக்கையே அறுத்துக் கொடுத்தார். வியாபாரம் வேறு, அபிப்பிராயம் வேறு.

தேக்கு தன் வேலையைக் காட்டியது. அந்தக் கனத்துக்கு மெல்லிய பிளேடு இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. படக் படக்கென்று நாலு அறுந்தன. தடித்த பிளேடு போட்டார். அது கண்ணின் ஓரத்தில் திரும்ப மறுத்தது. பஸ் சந்துக்குள் திரும்புகிற மாதிரி முன்னும் பின்னும் போய் வந்து, அந்த இடத்தையே தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மாமனாரின் கண்ணிலிருந்து புகை வர ஆரம்பித்தது.

சமையலறையிலிருந்து மனைவி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள்; எதையும் சீட்டு பார்த்துக் கொடுப்பது போல ஒரு பார்வை.

"என்ன கருகுது?"

"உங்கப்பா."

"ஒரு தடவை எரிச்சது போதாதா அவரை?"

அவர் பதறிப்போய்ப் பலகையை வெடுக்கென்று இழுத்தார். மூக்கு ரேகையோடு பிளந்து, கன்னத்தை விட்டுக் கழன்று, மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. இருவரும் குனிந்து தேடினார்கள். அவள்தான் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவளுக்கு வந்தது சிரிப்பு. ஷெட் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினோரு மாதத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

அடுத்து மூன்று எம்எம் பிளைவுட்டில் ஒன்றை முயன்றார். இதில் வேறு தொல்லை. பலகை அத்தனை மெல்லிசு. பிளேடு மேலே வரும்போதெல்லாம் கூடவே துள்ளியது. வெட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. மீசையில் வெள்ளை முடிக்காக விட்டிருந்த குச்சிகள், ஈர்க்குக் கனம்கூட இல்லாதவை, ஒவ்வொன்றாகப் பொடிந்தன. கடைசிக் குச்சியும் போனபோது மாமனார் மழுமழுவென்று, காலேஜில் சேர வந்தவர் போல இருந்தார்.

அதையும் பார்த்தாள் மனைவி. "நாலு வெட்டணும்ல? நாலையும் அடுக்கி வச்சு ஒரே தடவையா வெட்டினா என்ன? கடைல லேபிள் அப்படித்தான் நறுக்குவோம். ஒத்தைத் தாள் கசங்கும். அடுக்கினா கசங்காது."

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் மாப்பிள்ளை. யோசித்திருக்கவில்லை.

ஆறு எம்எம் நாலு அடுக்கினால் மறுபடி ஒரு இஞ்ச் கிட்டே வந்துவிடும், புகைதான். மூன்று எம்எம் நாலு அடுக்கினால் பன்னிரண்டு. அரை இஞ்சுக்கும் கொஞ்சம் குறைவு. மெல்லிய பிளேடு தாங்கும், பலகையும் துள்ளாது. தவிர, நாலும் ஒரே வெட்டில் வருவதால் அச்சு அசலாக இருக்கும், மாமியார் சொன்னபடி. நாலு துண்டு பிளைவுட்டையும் விளிம்பு சேர்த்து அடுக்கி, சுற்றிலும் டேப் போட்டு இறுக்கி, மேலே படம் வரைந்த தாளை ஒட்டினார். பார்த்தால் ஒரே பலகை போல இருந்தது.

அப்படித்தான் மச்சானும் நினைத்துக்கொண்டார். அன்று மாலை மறுபடி வந்தவர், அடுக்கை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்.

"ஒரு இஞ்ச் இல்லையே இது?"

"தேக்கு புகைஞ்சிடுச்சு மச்சான். இது பன்னெண்டு எம்எம்."

"ம். பரவால்ல. கனமாத்தான் இருக்கு. இதுலயே நாலும் வெட்டிடுங்க."

"இதுலயேதான்" என்றார் மாப்பிள்ளை. பொய் இல்லை. ஆனால் மச்சான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை அவருக்கு வியர்த்தது.

மூன்று சாயங்காலம் பிடித்தது. ஒவ்வொரு கறுப்புத் துண்டுக்கும் முதலில் ஒரு துளை போட வேண்டும். அதன் வழியாக, ஊசியில் நூல் கோப்பது போல, பிளேடைக் கோத்து மாட்ட வேண்டும். பிறகுதான் வெட்டு. மொத்தம் எண்பத்தேழு துளை. வலது கண்ணுக்கு மட்டும் நாற்பது நிமிஷம். பதினெட்டு வருஷத்தில் மாமனாரின் முகத்தை இரண்டு விநாடிக்கு மேல் அவர் பார்த்ததே இல்லை. இப்போது மூக்கு நுனி படுகிற தூரத்தில் நாற்பது நிமிஷம். முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள், "கொஞ்சம் அசையாம இருங்க மாமா" என்று வாய்விட்டே சொன்னார். மூன்றாம் நாள் கன்னத்தில் ஊதி மரத்தூளைத் தட்டிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் அதற்கு ஒரு கேஸ் எழுதியிருப்பார்.

இடது புருவத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அச்சுப் பிழையோ என்று மனைவியைக் கேட்டார்.

"அது தழும்பு. ஒரு கடைக்காரன் எடைக்கல்லை எடுத்து எறிஞ்சான். அப்பா ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்ல. அந்தக் கல்லைப் பொறுக்கி எடை போட்டார். இருபது கிராம் குறைஞ்சது. அதுக்குத் தனியா ஒரு கேஸ்."

மாப்பிள்ளை அந்த இடைவெளியை மிகவும் கவனமாக வெட்டினார்.

கடைசியாக வாய். பிறகு டேப்பைக் கத்தியால் கீறி, நாலு பலகையையும் பிரித்து, மேஜை மேல் கறுப்புத் துணி விரித்து வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதல் பலகையில் இருந்தவர் சாட்சாத் மாமனார். அடையாள அட்டையில் இருந்த அதே முறைப்பு. இரண்டாவதில் இருந்தவர் கோபத்தைப் பாதி விழுங்கியிருந்தார். மூன்றாவது ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டவர். நாலாவது பலகையில் மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிகிற சிரிப்பு இல்லை. உதட்டோரம் இரண்டும் மேலே ஏறி, கண் கொஞ்சம் சுருங்கி, பக்கத்தில் இருப்பவர் சொன்ன நகைச்சுவையைப் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்கிற சிரிப்பு.

சாய்வு பார்க்கிற லெவல் கட்டையை எடுத்துவந்து, மெஷினில் பலகையை வைக்கிற தட்டின் மேல் வைத்தார். குமிழ் நடுவில் நிற்கவில்லை. தேக்குத் தூளைச் சுத்தம் செய்யும்போது தட்டின் திருகைத் தளர்த்தியது ஞாபகம் வந்தது. திரும்ப முடுக்கும்போது ஒரு முடியளவு சாய்ந்திருக்கிறது. ஒற்றைப் பலகையில் அது தெரிந்திருக்காது. நாலு பலகை அடுக்கில் மேலே சரியாக விழுந்த வெட்டு, கீழே இறங்க இறங்க விலகி விலகிப் போயிருக்கிறது. லிஃப்ட் தண்டவாளத்தில் இந்தச் சாய்வை விட்டிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும்.

மனைவி வந்து பார்த்தாள். முதல் மூன்றையும் தாண்டி நாலாவதில் நின்றாள்.

"யாரு இது?"

"தட்டு சாஞ்சிருச்சு. திரும்ப வெட்டணும். ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் கொடுக்கணும், அதுக்குள்ள முடியாது."

அவள் பலகையைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பிறகு கிட்டே. "திரும்ப ஒண்ணும் வெட்ட வேண்டாம். இது நமக்கு. யாருக்கும் தெரியாது."

"அடுக்கி வச்சா கண்ணு தெரியாதவருக்கும் தெரியும்."

"அடுக்கி வைக்கவே கூடாது. தனித்தனியா பேப்பர்ல சுத்திக் கொடுத்துடலாம்."

ஆனால் மாமியார் வீட்டில் எதையும் அளக்காமல் யாரும் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லாரும் கூடினார்கள். மச்சான், சின்னவள் என்கிற கடைக்குட்டித் தங்கை, மாமியார். சின்னவள் பார்லர் வைத்திருக்கிறாள். முகங்களைப் பார்ப்பதே பிழைப்பு. "எல்லாத்தையும் பிரிங்க அத்தான், ஒண்ணா பார்க்கலாம்" என்று அவளே பேப்பரைக் கிழித்துச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தினாள்.

மச்சான் முதலில் விளிம்பைத்தான் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்ன மாப்பிள்ளை இது? பிஸ்கட்டா? பன்னெண்டுன்னு சொன்னீங்களே?"

"நாலு சேர்த்தா பன்னெண்டு, மச்சான்."

"எங்கப்பாவை நாலா கூறு போட்டுட்டு, கணக்குச் சரியா இருக்குன்னு சொல்றீங்களா?"

"உங்கப்பாவே ஒல்லிதாண்டா" என்றார் மாமியார். "காத்தடிச்சா குடையோட பறக்கிற உடம்பு. கத்தாதே."

அதற்குள் சின்னவள் நாலாவது பலகையைப் பார்த்துவிட்டாள். "அண்ணா, இங்க பாரு. அப்பா சிரிக்கிறார்."

மூன்று பிள்ளைகளும் குனிந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை திருகு, தட்டு, சாய்வு என்று விளக்கத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை.

"இது அப்பாவே இல்ல" என்றார் மச்சான். "கேலி பண்ற மாதிரி இருக்கு. இதை உடைச்சுப் போட்டுட்டு வேற வெட்டச் சொல்லு."

"உடைக்கிறதா? கொடு இங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று சின்னவள் கை நீட்டினாள். "என்னைப் பார்த்து அப்பா ஒரு தடவை இப்படிச் சிரிச்சிருக்கார். பார்லர் திறந்த அன்னைக்கு."

"அது பல்வலி" என்றார் மாமியார். "அன்னைக்குச் சாயங்காலமே பிடுங்கியாச்சு."

சின்னவள் கை அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் மனைவி சந்தடி சாக்கில் பலகையைத் தன் பக்கம் நகர்த்தினாள். "வெட்டினது எங்க வீட்டுல. அதனால இது எங்களுக்கு."

"அதெப்படி?" மச்சான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். உடைத்துப் போடச் சொன்னவர் அவர்தான் என்பது அவருக்கே மறந்துவிட்டது. "நான் மூத்தவன்."

"விடுண்ணா, உடைஞ்சிடும்! மூணு எம்எம்தான் அது!" என்றாள் மனைவி.

"பல்வலின்னாலும் சின்னவளைப் பார்த்து ஒரு தடவை வந்துச்சு. உன்னையாவது சின்ன வயசுல தூக்கி வச்சிருக்கார். எனக்கு என்ன இருக்கு? லைசன்ஸ் வாங்கின அன்னைக்கு அப்பாவைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போனேன். நடுவழியில நிறுத்தச் சொல்லி இறங்கினார். நாலு கிலோமீட்டர். நடந்தே வந்தார். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

குரலைத் தாழ்த்தி மச்சான் பேசி மாப்பிள்ளை அன்றுதான் கேட்டார்.

மாமியார் எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய்கறி பொறுக்குவது போல முதல் பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"நான் இதை எடுத்துக்கிறேன்."

"அம்மா, சிரிக்கிறதை நீ எடுத்துக்கோயேன்" என்றாள் சின்னவள். "நீ எடுத்துக்கிட்டா சண்டையே இல்ல."

"ஐம்பத்துமூணு வருஷம் நான் இந்த மனுஷன்கூட இருந்திருக்கேன்" என்று கக்கத்துப் பலகையைத் தட்டினார் மாமியார். "அந்தச் சிரிக்கிற ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையைப் படுக்கையறையில மாட்டச் சொல்றியா?"

தீர்ப்பும் அவரே சொன்னார். இரண்டாவது மூத்தவனுக்கு, மூன்றாவது சின்னவளுக்கு, நாலாவது வெட்டினவர் வீட்டுக்கு. மச்சான் தேநீரைக் குடித்தார். பிறகு தாமாகவே பழைய செய்தித்தாளை எடுத்து, "நானே சுத்திக் கொடுக்கிறேன்" என்று எல்லாப் பலகைகளையும் சுற்றிக் கட்டினார். கோபம் ஆறிவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. வாழ்நாளில் ஒரு சாமானைக்கூடக் கட்டிக் கொடுத்திராத மனிதர் இன்று ஏன் கட்டுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தார்கள். கோபத்தைப் பாதி விழுங்கிய மாமனார் அவர்களைப் பார்த்தார்.

"திருட்டுப் பய" என்றாள் மனைவி. அன்று முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள். "தராசு பெத்த பிள்ளை, தங்கச்சி சாமானைத் திருடுறான்." மறுநாள் மருந்துக்கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். "டிரைவிங் ஸ்கூலுக்கு விடுங்க."

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள், ஓரமாக ஒரு நாற்காலி, மேஜை, மேஜை மேல் உடைந்த ஸ்டியரிங் ஒன்று. வாசலில் எல் போர்டு மாட்டின கார் கோணலாக நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒரு நடுவயதுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே இவர்களைத் தாண்டிப் போனாள்.

உள்ளே மச்சான் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். எதிரே சுவரில், ஜீப்ராக் கோட்டுக்கும் நோ பார்க்கிங்குக்கும் நடுவில், மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"பார்த்தியாப்பா, ரிவர்ஸ் எடுத்த லட்சணத்தை? மூணு மாசமா சொல்லிக் கொடுக்கிறேன். சைக்கிள்காரன் மரத்துல ஏறிட்டான்." சற்று நிறுத்தினார். "நீ சிரிக்கிற. உனக்கென்ன. நீ இறங்கி நடந்துடுவ."

மனைவி வாசற்படியில் ஒரு கால் வைத்தபடி நின்றாள். மாப்பிள்ளை மெதுவாகத் தொண்டையைக் கனைக்கப் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். இருவரும் வந்த சுவடு தெரியாமல் திரும்பி, பெட்ரோல் பங்கு வரை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

"கேட்கலையா?" என்றார் மாப்பிள்ளை.

"என்னத்தைக் கேக்குறது. ஐம்பது வயசுல இப்பத்தான் அவங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிருக்காங்க." கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். "இவர் கிடக்கட்டும் நம்மகிட்ட. ஆனா திருட்டுப் பயதான் அவன். அதை நான் வாபஸ் வாங்கல."

விஷயம் அதோடு நிற்கவில்லை. இரண்டே நாளில் சின்னவள் காதுக்கு எட்டிவிட்டது; சிரிக்கிற அப்பா டிரைவிங் ஸ்கூலில் இருக்கிறார் என்று லைசன்ஸ் எடுக்கப்போன அவள் வாடிக்கையாளர் ஒருத்தி சொல்லிவிட்டாள். அடுத்த நிமிஷம் போன் வந்தது. "அத்தான், எனக்கும் சிரிக்கிற அப்பாதான் வேணும். ஆறு எம்எம்ல வெட்டுங்க, பார்லர் ஷெல்ஃப்ல தனியா நிக்கணும். எப்படி வெட்டுவீங்களோ எனக்குத் தெரியாது."

எப்படி வெட்டுவது என்று மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. நிமிர்த்தி வைத்த தட்டை மறுபடி ஒரு முடியளவு சாய்த்தார். கீழே ஆறு எம்எம் பிளைவுட் ஒன்று, மேலே மூன்று எம்எம் இரண்டு. மொத்தம் அதே பன்னிரண்டு. அதே தாள், அதே எண்பத்தேழு துளை, அதே பிளேடு. அடி பலகையில் சிரிப்பு விழும் என்பது கணக்கு. மூன்று சாயங்காலம் கழித்துப் பிரித்தார்.

மேல் இரண்டும் முறைத்தன. அடியில் இருந்த ஆறு எம்எம் மாமனாருக்கு வாய் பாதி திறந்து, மூக்கு விடைத்து, கண் இரண்டும் மேல்நோக்கிச் செருகியிருந்தன. சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டு கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்ததோ, அல்லது வேறு பக்கம் சாய்ந்ததோ, அவரால் சொல்ல முடியவில்லை. நாலு நாள் முயன்றாலும் அந்தச் சிரிப்பு திரும்ப வராது என்று மட்டும் விளங்கியது.

வாங்கிப்போக வந்த சின்னவளிடம் தலையைச் சொறிந்துகொண்டே பலகையை நீட்டினார். "சிரிப்பு வரலம்மா. மன்னிச்சுக்கோ. இது என்னவோ..."

சின்னவள் பார்த்தாள். கண் விரிந்தது. "அக்கா! அக்கா, ஓடி வா!"

மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஒரு விநாடி இருவரும் பலகையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர்.

"தும்மல்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"தும்மல் வர்றதுக்கு முன்னாடி அப்பா இப்படித்தான் நிப்பார் அத்தான். ஒரு கையைத் தூக்கிடுவார், வீட்டுல யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது..."

"ரேடியோவைக்கூட நிறுத்தணும்" என்றாள் மனைவி. "ஒரு தடவை அண்ணன் வாய்ல தண்ணியை வச்சுக்கிட்டு நின்னான், ஞாபகமிருக்கா? முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல..."

"கடைசியில தும்மல் வரவே இல்ல!"

"அப்பா திரும்பிப் பார்த்து, 'போயிருச்சு, வேலையைப் பாருங்க'ன்னார்!"

அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை. சின்னவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்; மனைவி ஒரு கையைத் தூக்கி, வாயைப் பிளந்து, கண்ணைச் செருகி அப்பாவைப் போலவே நின்று காட்ட, தங்கைக்கு மூச்சு முட்டியது. மாப்பிள்ளை துடைப்பத்தை எடுத்துத் தரையில் கிடந்த தூளைக் கூட்ட ஆரம்பித்தார். இரண்டாவது வீச்சிலேயே தூள் பறந்து மூக்கில் ஏறியது. அவர் சட்டென்று ஒரு கையைத் தூக்கினார்.

இருவரும் சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டு, சிலை போல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.